ஒன்றும் நிகழாத ஒரு நாளின் படங்கள்

நீரிழிவைப் பற்றிய கட்டுரைகளோடு நம் வார இதழ்களிலும் நாளிதழ் இணைப்புகளிலும் வெளியாகும் படங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. சிவப்புக் கோடிட்டு அடிக்கப்பட்ட லட்டு, குறுக்கே நறுக்கிய பாகற்காய், ஊறிய வெந்தயம், நீல உறை அணிந்த கையில் ஓர் ஊசி. வாசகரைச் சற்று அச்சுறுத்த வேண்டுமென்றால் கட்டுப்போட்ட ஒரு கால். பள்ளிப் பருவத்தில், உடலில் இன்சுலின் சுரக்காமல் போகும் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு, அன்றுமுதல் இன்சுலினால் உயிர்வாழ்ந்துவரும் எனக்கு, இந்தப் படங்கள் எதிலும் என் வீடு தென்பட்டதில்லை. என் நாளும் தென்பட்டதில்லை. என் நாளின் பெரும்பகுதி கணக்குப் போடுவதிலும், முன்கூட்டி யோசிப்பதிலும், காத்திருப்பதிலும் கழிகிறது. கணக்கு சரியாக அமைந்துவிட்டால் அன்றைக்கு எதுவுமே நிகழாது. அப்படி எதுவும் நிகழாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த நோயோடு வாழ்பவர்கள் அன்றாடம் செய்யும் வேலை. அந்த வேலையைப் படமெடுக்க முடியுமா, எடுத்தால் அதில் என்ன தெரியும் என்று அறிய விரும்பி, மதுரையில் நான் வாழும் சாதாரண வேலைநாட்களைக் கேமராவில் பதிவுசெய்யத் தொடங்கினேன்.

நீரிழிவின் வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற படங்கள் இன்சுலின் வந்த புதிதில் எடுக்கப்பட்டவை. 1921இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், ஜே. ஜே. ஆர். மெக்லியோடின் ஆய்வகத்தில், ஃபிரெடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. தூய்மை போதாததால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய மருந்து ஜனவரி 23 அன்று செலுத்தப்பட்டபோது அவன் உடலில் சர்க்கரை இறங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் படமெடுக்கப்பட்ட ‘ஜே. எல்.’ என்ற குழந்தைக்கு வயது மூன்று, எடை 15 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்கும் குறைவு. விலா எலும்புகளைத் தனித்தனியே எண்ணிவிடலாம். இரண்டு மாதங்களுக்குப் பின் எடுத்த இரண்டாவது படத்தில் அதே குழந்தை 29 பவுண்டு எடையோடு கன்னம் புடைக்க இருக்கிறது.

அந்த இரு படங்களையும் ஒருசேரப் பார்க்கும்போதெல்லாம் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த மருந்து இல்லாமல் நான் இல்லை. ஆனாலும் என் மனம் தங்குவது அவற்றுக்கு இடையே, யாரும் படமெடுக்காத இரண்டு மாதங்களில்தான். யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரில் போட்டு எடுத்திருப்பார். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று அறிய, அதைக் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கி நிறம் பார்த்திருப்பார். உணவை நிறுத்து வைத்திருப்பார். அழும் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருப்பார். முதல் படத்திலிருந்து இரண்டாவது படத்துக்குக் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்ததில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் கைகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. நான் எடுக்க விரும்பியவை அந்த இடைவெளியின் படங்கள்.

நாள் விரலிலிருந்து தொடங்குகிறது. எழுந்தவுடன், பல் துலக்கும் முன்பே சுகர் பார்ப்பது என் வழக்கம். லான்செட் என்ற சிறு ஊசியால் விரல்நுனியின் ஓரத்தில் குத்த வேண்டும். நடுவில் குத்தினால், ஆசிரியையான எனக்கு நாள் முழுவதும் சாக்பீஸ் பிடிக்கும்போது வலிக்கும். இரத்தத் துளி இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. அதை மேக்ரோ லென்சில் எடுத்தால் குவியம் விழும் ஆழம் ஒரு தாளின் தடிமன் அளவே கிடைக்கும். துளி தெளிவாக இருந்தால் விரல்ரேகை மங்கிவிடும், ரேகை தெளிந்தால் துளி கரைந்துவிடும். நான் ரேகையைத் தேர்ந்தெடுத்தேன். ரேகைகளுக்கு நடுவே பழைய குத்துகளின் தடங்கள் மிளகுப் பொடி தூவியதைப் போலக் கறுப்புப் புள்ளிகளாகக் கிடக்கின்றன. கண்ணால் பார்த்தபோது நான் அவற்றை ஒருபோதும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. பத்து விரல்களிலும் அவை உள்ளன. கட்டைவிரலில் குறைவு, இடது மோதிர விரலில் மிக அதிகம்.

குளுக்கோமீட்டரின் எண்ணைப் படமெடுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் வடிகட்டியைப் போட்டுத் திருப்பினால், ஒரு கோணத்தில் திரவப் படிகத் திரை முழுவதும் கறுத்து எண் மறைந்துவிடும். அப்படி எண் மறைந்த படம் ஒன்றையும் தொகுப்பில் வைத்திருக்கிறேன். ஏனென்றால், படத்தைப் பார்க்கும் எவரும் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுகிறார்கள். 148 என்று கண்டால் உடனே முகத்தில் ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. நேற்றிரவு நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்கிறார்கள். விடியற்காலையில் உடல் சுரக்கும் கார்டிசோலும் வளர்ச்சி இயக்குநீரும் கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை வெளிவிடச் செய்கின்றன என்பதும், ஒன்றும் உண்ணாமல் உறங்கியவருக்கும் காலையில் எண் ஏறியிருக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எண் தெரியாத படத்தில் அவர்கள் என் கையைப் பார்க்கிறார்கள்.

அடுத்த படம் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம். பால் உறை, இட்லி மாவுப் பாத்திரம், கறிவேப்பிலைப் பொட்டலம், அவற்றின் நடுவே இன்சுலின் பெட்டிகள். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. பயன்படுத்தத் தொடங்கியதைப் பெரும்பாலும் நான்கு வாரங்கள்வரை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்றாலும், மதுரையின் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே வெப்பம் வரம்பைக் கடந்துவிடும். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீடிக்கும். அம்மா இரண்டு மண்சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, உள்சட்டியில் மருந்துக் குப்பியை வைத்து, மேலே ஈரத்துணி போர்த்திவிடுவார். நீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் சில டிகிரி தணியும். அது குளிர்சாதனப் பெட்டிக்கு ஈடாகாது. ஆனால் வெறும் அலமாரியைவிட எவ்வளவோ மேல்.

அதே அம்மாதான், உறவினர்கள் வரும் நாட்களில் மருந்துக் குப்பியை எவர்சில்வர் தூக்குக்குள் போட்டு மூடி, சமையலறையின் பின்வரிசையில் வைத்துவிடுவார். எனக்குத் திருமண வயது நெருங்க நெருங்க அந்தத் தூக்கு மேலும் மேலும் பின்னுக்குப் போயிற்று. பெண்ணுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் வரன் அமையாது என்ற பேச்சு எங்கள் வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. என்னோடு ஒரே மருத்துவரிடம் வந்த பெண்கள் சிலர், மணமான பிறகு குளியலறைக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஊசி போட்டார்கள். ஒளித்துப் போட முடியாத நாட்களில் போடாமலே இருந்தார்கள். முதல் வகைக்காரர்கள் இன்சுலினை நிறுத்தினால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்கள் என்ற அமிலப் பொருள்களைப் பெருக்கும், இரத்தம் அமிலமாகும், சில நாட்களில் உயிரே போய்விடக்கூடும். மறைப்பதற்கு இவ்வளவு பெரிய விலை உண்டு. அம்மாவின்மீது எனக்கு வருத்தமில்லை. ஊர் வாயிலிருந்து என்னைக் காக்க அவர் அறிந்திருந்த வழி அது ஒன்றுதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் முதல் நாளே நானே சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னபின்னும் மறுமுறை வந்தவர்தான் என் கணவர். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து நான் எடுத்த படத்தில் வேறு கலை நயம் எதுவும் இல்லை. ஆனால் என் தொகுப்பில் அம்மா நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

காலை உணவைப் படமெடுப்பது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. தட்டில் மூன்று இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. இதில் நோய் எங்கே இருக்கிறது? அதை உண்ணும் முன் என் தலைக்குள் ஓடும் கணக்கில் இருக்கிறது. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து இருக்கும். சாம்பாரில் பருப்பு எவ்வளவு, உருளைக்கிழங்கு போட்டிருக்கிறதா, இன்று மாவு அரைத்தது வீட்டிலா கடையிலா, மாடியில் வகுப்பா கீழ்த்தளத்திலா, மாதவிடாய் நெருங்குகிறதா, காலை எண் ஏறுமுகமா இறங்குமுகமா என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, பேனா வடிவ இன்சுலின் ஊசியின் முனையைத் திருகி மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறேன். கணித ஆசிரியையாகிய எனக்கு இந்தக் கணக்கில் ஒருபோதும் முழு விடை கிடைத்ததில்லை. மாறிகள் எப்போதும் சமன்பாடுகளைவிட அதிகமாகவே இருக்கின்றன.

விரைவாகச் செயல்படும் இன்சுலின்கூடத் தோலுக்கடியிலிருந்து இரத்தத்தில் கலந்து வேலையைத் தொடங்கப் பத்துப் பதினைந்து நிமிடமாகும். ஆகவே ஊசி போட்ட பின் காத்திருந்து உண்பது நல்லது. இந்தக் காத்திருப்பைத்தான் படமாக்க முடிந்தது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, சாப்பாட்டு மேசையை ஒரே கோணத்தில், ஒரு நிமிட இடைவெளிகளில் எடுக்கவிட்டேன். கணவரின் தட்டு காலியாகிறது. மகனின் தட்டு பாதியாகி, பிறகு காலியாகி, பிறகு அவனே காணாமல் போகிறான். அத்தையின் தம்ளரில் காப்பி இறங்குகிறது. ஒரே ஒரு தட்டில் மட்டும் இட்லிகள் அசையாமல் இருக்க, அவற்றின் மேலெழுந்த ஆவி படத்துக்குப் படம் மெலிந்துகொண்டே போகிறது. வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான், நான் பல ஆண்டுகளாக இந்த வீட்டில் ஆறிய இட்லியை உண்டு வந்திருக்கிறேன் என்பதை என் கணவர் கவனித்தார். அடுத்த நாளிலிருந்து என் இட்லி மட்டும் கால் மணி நேரம் கழித்து அடுப்பிலிருந்து இறங்குகிறது.

ஊசி போடும் இடத்தையும் எடுத்திருக்கிறேன். வயிற்றின் படத்தை வெளியில் காட்டலாமா என்று நெடுநாள் தயங்கினேன். காட்ட வேண்டிய காரணம் ஒன்று இருந்ததால் தயக்கத்தை விட்டேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு கட்டியாகும். அந்த இடத்தில் வலி குறைவு, அதனால் கை தானாக அங்கேயே போகும். ஆனால் அதற்குள் செலுத்திய மருந்து ஒரு நாள் விரைந்தும் ஒரு நாள் மெதுவாகவும் உறிஞ்சப்படுவதால் கணக்கெல்லாம் குலையும். நேர் வெளிச்சத்தில் இந்தக் கட்டிகள் தெரிவதில்லை. சன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் தோலை ஒட்டிச் சாய்வாக விழும்படி எடுத்தால் நிழல் அவற்றின் எல்லையை வரைந்து காட்டிவிடுகிறது. சாய்ந்த வெளிச்சத்தில் தோலைப் பார்த்தும் விரலால் தடவியும் மருத்துவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். நீண்ட காலமாக இன்சுலின் போட்டுவருபவர்கள் தங்கள் வயிற்றையும் தொடையையும் காலை வெயிலில் ஒருமுறை இவ்வாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளியில் நான் கேமராவைத் தொடுவது மதிய இடைவேளையில் மட்டும்தான். ஆனால் தொகுப்பின் மிக முக்கியமான படம் முற்பகலில், நான் எடுக்காமலே கிடைத்தது. அன்று தேர்வுத் தாள்களை வாங்க இரண்டாம் மாடிக்குப் பலமுறை ஏறியிறங்க நேர்ந்தது. மூன்றாம் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் சர்க்கரை இறங்கிவிட்டது. 70க்குக் கீழே போனால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். வீட்டில் வழங்கும் சொல் ‘லோ’. அட்ரினலின் பெருகிக் கை நடுங்கும், வியர்க்கும், பசி கிள்ளும், காரணமில்லாமல் கோபம் வரும். 54க்கும் கீழே போகையில் மூளைக்கே சர்க்கரை போதாமல் சிந்தனை மங்கத் தொடங்கும். அந்த நிலையில் ஒருவரால் கேமராவைப் பிடிக்கவும் முடியாது, பிடிக்க வேண்டும் என்ற நினைப்பும் எழாது. முன்வரிசை மாணவி ஒருத்தி ஓடிப்போய்ப் பக்கத்து வகுப்பு ஆசிரியையை அழைத்து வந்தாள். அவர் என் கைப்பையின் வெளி அறையில் குளுக்கோஸ் பொடி இருப்பதை அறிந்தவர். மூன்று தேக்கரண்டி கரைத்துக் கொடுத்துவிட்டு, “உக்காருங்க டீச்சர், பதினஞ்சு நிமிஷம் எந்திரிக்கக் கூடாது” என்றார். மீட்டர் 58 காட்டியது. 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடக் காத்திருப்பு, மறுபடியும் சோதனை என்பதே இதற்கான முறை. அவசரத்தில் சாக்லேட்டோ பாலோ கொடுப்பவர்கள் உண்டு. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் முதலில் வெறும் சர்க்கரைதான் வேண்டும்.

நான் படமெடுத்து வருவதை அறிந்திருந்த அந்தத் தோழி, நான் தெளிந்து தலையசைத்த பின் தன் கைப்பேசியில் இரண்டு படங்கள் எடுத்தார். ஒன்றில் நான் நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன். மேலுதட்டு வியர்வையைத் தவிர வேறு எந்த அடையாளமும் இல்லை. களைத்துப்போன ஆசிரியை என்றே எவரும் சொல்வார்கள். மற்றொன்று கரும்பலகை. முதல் இரண்டு வரிகள் நேராக இருக்கின்றன. மூன்றாவது வரி இடமிருந்து வலமாகச் சரிகிறது. நான்காவதில் எண்கள் பெரிதாகிக் கீழ்நோக்கி வழிந்து, சமக்குறி இரண்டு முறை எழுதப்பட்டு, அதற்குப் பின் சாக்பீஸ் இழுத்த ஒரு கோடு மட்டும் இருக்கிறது. என் முகம் சொல்லாததை அந்தப் பலகை சொல்லிவிட்டது. தாழ்சர்க்கரை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது விளக்கம் எதுவும் தருவதில்லை. அந்தப் படத்தைக் காட்டுகிறேன்.

எங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் சர்க்கரை உண்டு. அத்தைக்கு இரண்டாம் வகை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அத்தையின் வகையினர். அவருக்கு உடலில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அது முழுதாக வேலை செய்வதில்லை. எனக்குச் சுரப்பதே இல்லை. ஒரே பெயரால் அழைக்கப்படும் இந்த இரு நோய்களும் ஒரே கூரையின் கீழ் வேறுவேறு அட்டவணைகளில் வாழ்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் பெண் மாதந்தோறும் வாசலுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரையைக் குறைக்கும் மெட்பார்மின் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவரிடம் மட்டும் அத்தை தன் உடல்நிலையைப் பற்றித் தயங்காமல் பேசுகிறார். எங்களிடம் “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பதோடு முடித்துக்கொள்வார்.

படமெடுக்க அனுமதி கேட்டபோது, “மூஞ்சிய எடுக்காத. காலை வேணா எடுத்துக்க” என்றார். அது எனக்குப் பெரும் பேறாக அமைந்தது. அவருக்குப் பாதங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. மருத்துவர் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டுச் சோதித்தபோது, சில இடங்களில் தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. உணர்ச்சியற்ற காலில் முள் குத்தினாலும் தெரியாது, செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது; சிறு புண் பெருத்து, நம் இதழ்களில் வரும் அந்தக் கட்டுப்போட்ட காலாக மாறுவது அப்படித்தான். அதனால் அவர் ஒவ்வோர் இரவும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, நாற்காலியில் அமர்ந்து, பாதங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் தூக்கிப் பிடித்து அடிப்பாதத்தைப் பார்க்கிறார். விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றித் துடைக்கிறார். மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பைத் தலைகீழாகத் தட்டி உதறிவிட்டுச் சுவரோரம் வைக்கிறார். இதை அவர் செய்வதை நாங்கள் எல்லோரும் அன்றாடம் கடந்து போயிருக்கிறோம். படத்தில், தரையிலிருக்கும் கண்ணாடிக்குள் அவருடைய பாதம், வெடிப்புகளும் பழைய தழும்புகளும் வயல்வேலை செய்த காலத்துக் காய்ப்புகளும் தெரிய, புண் ஏதுமின்றி முழுமையாக இருக்கிறது. புண் இல்லாத ஒரு காலின் படத்தை எந்த இதழும் வெளியிடாது. அந்தக் கால் அப்படி இருப்பதற்கு ஒரு மூதாட்டி எத்தனை இரவுகளாகக் குனிந்திருக்கிறார் என்பதை அறிந்தால் ஒருவேளை வெளியிடுவார்கள்.

படமெடுக்க முடியாத பகுதிகளும் நாளில் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவும் கைப்பேசியும் கொண்டுசெல்ல முடியாது. சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் கையில் ஒட்டியிருக்கும் வாரங்களில் என் எண் கைப்பேசிக்குத்தான் வரும். அதை வெளியே ஒப்படைத்துவிட்டால், பிராகாரம் சுற்றி முடிக்கும்வரை என் உடலில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. மடிப்பில் குளுக்கோஸ் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு போகிறேன். அத்தைக்கோ கல்தளம் சுடுவதே தெரியாது என்பதால், வெறுங்காலோடு நடக்க வேண்டிய இடத்துக்கு விடிந்ததும் விடியாததுமாக அழைத்துச் சென்று, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறோம். இந்த நேரத்துக்கான பக்கத்தைத் தொகுப்பில் படமின்றி, குறிப்பு மட்டும் எழுதி விட்டிருக்கிறேன்.

ஆண்டுக்கொரு முறை நான் படமெடுக்கப்படும் இடம் ஒன்று இருக்கிறது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசுவாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எங்கள் ஊரில் இருப்பது மதுரைக்காரர்களுக்குக் கிடைத்த நற்பேறு. விழித்திரைச் சோதனைக்குப் போனால் முதலில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாவையை விரிக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கையிலிருக்கும் சீட்டின் எழுத்துகள் கலைந்துவிடும். பிறகு தாடையை ஒரு தாங்கியில் வைத்து, பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொல்லி, வெள்ளொளி மின்ன, கண்ணின் அடித்தளத்தைப் படமெடுக்கிறார்கள். ஆரஞ்சு நிறப் பின்னணியில் வெளிர்மஞ்சள் வட்டு ஒன்று, அதிலிருந்து கிளைபிரியும் இரத்தக் குழாய்கள். உடலைக் கீறாமல் இரத்தக் குழாய்களை நேரடியாகக் காணக்கூடிய அரிய இடம் கண்ணின் உட்புறம். என் படத்தில் ஊசிமுனை அளவில் சில சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. நுண்குழாய்களின் சுவர் நலிந்து புடைத்த இடங்கள் அவை. இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், தவறாமல் ஆண்டுதோறும் வர வேண்டும் என்றார் மருத்துவர். முதல் வகையினர் 1,441 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு, சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுக்குள் வைத்தால் விழித்திரைப் பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைவதைக் காட்டியது. ஆறிய இட்லிகளும் விரல்நுனிப் புள்ளிகளும் எதற்காக என்று யாரேனும் கேட்டால் காட்டுவதற்காக, அந்த விழித்திரைப் படத்தின் நகலை வாங்கித் தொகுப்பில் சேர்த்தேன். நான் எடுத்த படங்கள் யாவற்றையும்விட அது என்னைக் கூடுதலாகக் காட்டுகிறது. அன்று மாலைவரை வெயில் கண்ணைக் கூசச் செய்து, அருகிலுள்ளவை எல்லாம் மங்கியிருந்ததால் வேறு எதையும் எடுக்க முடியவில்லை.

இரவுப் படத்தை எடுத்தவர் என் கணவர். அதிகமாக நடந்த நாட்களில் தசைகள் இரவு முழுவதும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். உறக்கத்தில் ‘லோ’ வந்தால் அறிகுறிகள் என்னை எழுப்பாமலும் போகலாம். அப்படிப்பட்ட இரவுகளில் மூன்று மணிக்கு அவர் எழுந்து, என் விரலில் குத்திச் சோதிப்பார். பலமுறை நான் விழிப்பதே இல்லை. கைப்பேசி விளக்கொளியில் எடுத்த அந்தப் படத்தில் போர்வைக்கு வெளியே என் கை, அதைப் பிடித்திருக்கும் அவர் கை, மெத்தைமேல் திறந்துகிடக்கும், இரத்தம் சோதிக்கும் ஸ்ட்ரிப்களின் டப்பா. திருமணத்தின்போது இதையெல்லாம் அவர் ஏற்றுக்கொண்டதாக உறவினர்கள் புகழ்வதைக் கேட்டு நான் சலித்திருக்கிறேன். ஏற்றுக்கொள்வது ஒரு நாளில் முடிந்துவிடும் செயல் என்பதுபோல அவர்கள் பேசுவார்கள். மூன்று மணிக்கு எழுவது எத்தனையோ இரவுகளில் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

பயன்படுத்திய ஊசிகளின் படத்தைப் பற்றியும் ஒரு சொல். அவற்றைக் குப்பையில் போடுவது தூய்மைப் பணியாளரின் கையில் குத்துவதற்குச் சமம். தடித்த பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடி, நிறைந்ததும் மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும்.

இந்தப் படங்களை, எங்கள் மருத்துவர் நடத்தும் முதல் வகைக் குழந்தைகளுக்கான மாதக் கூட்டத்தில் சுவரில் ஒட்டிவைத்தேன். பெற்றோர் பலரும் ஒரு கேள்வியோடு வந்திருந்தார்கள்: சர்க்கரையை அடியோடு ஒழிப்பதாக விளம்பரம் செய்யும் பொடியைக் கொடுத்து ஊசியை நிறுத்தலாமா? மருத்துவர் முடியாது என்று திட்டவட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சிறுமியின் தாய் கரும்பலகைப் படத்தின்முன் நின்று நகராமல் இருந்தார். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகளை, பாட நேரத்தில் பிஸ்கட் தின்றதற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். மருத்துவரின் சான்றிதழைக் கொடுத்தும் ஆசிரியர்கள் அதைக் கோப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார்களாம். முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள்ளேயே சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுபோகலாம் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இலேயே அனுமதித்ததை நான் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, “இந்த மாதிரிப் படம் எம் பொண்ணுக்கும் எடுத்துத் தருவீங்களா டீச்சர்? படிச்சுப் பாக்க மாட்டாங்க. படமா இருந்தா பாப்பாங்க” என்றார்.

சிறுமியிடமே கேட்டோம். முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்றாள். எந்தெந்தப் படம் என்பதையும் அவளே சொன்னாள். விரலில் குத்துவது, மீட்டரில் எண், குளுக்கோஸ் பொட்டலம், சுவர்க் கடிகாரத்தில் கால் மணி நேரம் கழிவது, மறுபடியும் எண். ஐந்தையும் ஒரே அட்டையில் வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதி, அம்மாவின் கைப்பேசி எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறோம். ஒரு பிரதி வகுப்பறைக்கு, ஒன்று விளையாட்டு ஆசிரியருக்கு, ஒன்று பள்ளிப் பேருந்துக்கு. ஜூனில் பள்ளி திறக்கும் நாளன்று தாயும் மகளும் அதைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோகிறார்கள்; அவர்கள் விரும்பியபடி நானும் உடன் செல்கிறேன்.